கருவை மரத்தடியில் ஆறுமணிக்குருவி

புரட்டாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சணத்திக்குளத்துக் கரைக்குப் பறவை பார்க்கப் போன ஒன்பது பேரும் வீடு திரும்பவில்லை, ஆனால் காணாமலும் போகவில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் அவர்களைக் கரைமேலேயே பார்க்கலாம், நின்று பேசலாம், தூக்குவாளியில் கொண்டுபோன காப்பியை ஊற்றிக் கொடுக்கலாம், திரும்பியும் வந்துவிடலாம். அவர்களால்தான் வர முடியவில்லை. இதை ஊர் முதல் நாள் ஒரு மாதிரியும் மூன்றாம் நாள் வேறு மாதிரியும் பேசியது, அதற்குள் தசராவுக்குத் துணி எடுக்கிற வேலை வந்துவிட்டதால் பழகிக்கொண்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஆவுடையப்பன். கடைத்தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இப்பத் தெரியுதா, இதுல தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அது இறங்காது. புதுச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, தெரியுதா என்பார். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டு, தெரியுதா என்பார். கெட்ட மனுஷர் இல்லை, கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அவர் மனைவி சங்கரவடிவு கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து தெரியுது என்றே சொல்லி வந்தாள். அது ஒரு சொல் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. கொட்டாவி மாதிரி தானாக வாயிலிருந்து வரும்.

பறவை பார்க்கும் நடையை ஆவுடையப்பன் தொடங்கியதற்குக் காரணம், கடையில் விற்காமல் தூசி பிடித்துக் கிடந்த பைனாகுலர்கள். தொடங்கிய பிறகு அவருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிறுதோறும் விடியற்காலையில் மடையில் கூடி, கரைமேல் நடந்து, குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கி, பஸ் நிறுத்தத்துக் கடையில் வடை தின்று கலைவார்கள். நடைக்கு அவர் இரண்டு விதி வைத்திருந்தார். ஒருவர் ஒரு பறவையைக் காட்டினால், கூட்டத்தில் கடைசி ஆள்வரைக்கும் அது கண்ணில் பட்ட பிறகுதான் எல்லாரும் நகர வேண்டும், யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பறவை போய்விட்டால் காட்டியவரே "பறந்துட்டு" என்று சொல்ல வேண்டும், சொன்னால் பார்க்காதவர்களுக்கும் விடுதலை. நல்ல விதிகள்தான். ஆனால் பறவை பார்க்கப் போகிற எல்லாருக்கும் ஒன்று தெரியும், வெளியே சொல்லமாட்டார்கள்: அடுத்தவன் காட்டுகிற பறவை பாதி நேரம் நம் கண்ணில் படவே படாது. அந்தக் கிளைக்கு இடதுபக்கம் என்பான், எந்தக் கிளை என்று கேட்பதற்குள் வெயில் ஏறிவிடும், பின்னால் எட்டுப் பேர் வடை நினைப்பில் நிற்பார்கள், சரி என்று நாமும் "ஆமா ஆமா, என்னா அழகு" என்று சொல்லி வைப்போம். சங்கரவடிவு அப்படி நூறு பறவைகளைப் பார்த்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புரட்டாசி என்றும் பாராமல், அவர்கள் மகள் பிரமுவுக்கு நிச்சயம் வைத்திருந்தது. மாப்பிள்ளை, ஆவுடையப்பன் வில்லை வாங்குகிற தென்காசி மொத்த வியாபாரி ரத்தினசபாபதியின் மகன். முந்தின நாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பிரமு தாயிடம், எனக்கு இது வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை பொண்ணு பார்க்க வந்த அன்று ஏதோ கேட்டாராம், கேள்வி அவளுக்கு, ஆனால் கேட்டது அப்பாவைப் பார்த்தபடி. அவள் சொன்ன பதிலையும் அப்பாவிடமிருந்தே வாங்கிக்கொண்டாராம். "அந்த வீட்டுக்குப் போனா நானும் உன்ன மாதிரி ஆயிருவேம்மா. நீ அப்பாட்ட ஒரு தடவ இல்லன்னு சொல்லு" என்றாள். பெற்ற பெண் வாயால் அதைக் கேட்டதும் சங்கரவடிவுக்கு நெஞ்சு வலித்தது. சொல்லுதேன் என்று வாக்குக் கொடுத்தாள். அன்று முழுக்கச் சொல்லவில்லை. காலையில் குளத்துக்குப் போகும் வழியிலாவது சொல்லிவிடலாம் என்று கூடவே கிளம்பினாள், வழியிலும் சொல்லவில்லை.

கரையின் நடுவில் ஒரு நாட்டுக்கருவை மரம். அதற்குப் பக்கத்தில் போனதும் ஆவுடையப்பன் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். வடக்கேயிருந்து இந்த மாதத்தில்தான் வந்து இறங்கும் ஆறுமணிக்குருவி, மரத்தடிப் புதர் நிழலில், தரையில் நிற்கிறது என்று குசுகுசுத்தார். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. லூர்தம்மாள் டீச்சர் பைனாகுலரைக் கண்ணில் வைத்த வேகத்திலேயே தெரியுது சார் என்றாள். அடுத்தடுத்து எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "அந்தா, தெரியுதா வடிவு?" என்று கேட்டார்.

அவள் பார்த்தாள். புதர் இருந்தது, நிழல் இருந்தது, காய்ந்த முள் கிடந்தது. வழக்கமான சொல்லுக்காக வாயைத் திறந்தாள், அது தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக, "எனக்குத் தெரியல" என்று வந்தது. வந்ததும் அவளே பயந்துபோனாள்.

ஆவுடையப்பன் பொறுமையாக மறுபடியும் காட்டினார். அவளுக்குப் பின்னால் நின்று, தலையைப் பிடித்துத் திருப்பி, விரலை அவள் கன்னத்தோடு ஒட்டி நீட்டிக் காட்டினார். அவளுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியது. சரி, போய்க்கொண்டே பார்ப்போம் என்று யாரோ சொல்லவும் எல்லாரும் நடந்தார்கள், கலுங்கு வந்தது, கலுங்கின் கல் வரிசையைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தார்கள், வைத்த இடத்தில் ரோடு இல்லை, கரை இருந்தது, எதிரே அதே கருவை மரம் நின்றது. மறுபடி நடந்தார்கள், மறுபடி மரம் வந்தது. மடைப் பக்கமாகத் திரும்பி நடந்தார்கள், மடையைத் தாண்டினாலும் மரம்தான் வந்தது. கூட்டத்திலிருந்து வயல் வழியாக இறங்கி ஓடிய மருந்துக்கடைக்காரர் வரப்பில் இறங்கி, கரையில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தடிக்கே வந்து சேர்ந்தார். லூர்தம்மாள் டீச்சர்தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டவள். "விதி விதிதானே சார், ஒருத்தர் இன்னும் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டதே என்று மரத்தடியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்கால நிச்சயம் நின்றது. இரண்டு நாளில் ஊர் ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஆளுக்கு ஒரு வீடாக முறை வைத்துச் சாப்பாடு போனது, பஞ்சாயத்திலிருந்து கீற்றுப்பந்தல் போட்டார்கள், வடைக்கடைக்காரர் அடுப்பைக் கரைக்கே மாற்றினார், மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து மருந்து சொல்ல, சைக்கிளில் ஆள் போய் எடுத்துவந்தது, டீச்சரின் பிள்ளைகள் கரைச் சரிவில் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள், ஆவுடையப்பனின் உயரமான நாற்காலியும் இரும்புச் சட்டமும் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன, எழுத்துப்பலகையைக் கருவை மரத்திலேயே ஆணியடித்து மாட்டி அவர் பழையபடி தெரியுதா தெரியுதா என்று கேட்கத் தொடங்கினார். குளத்தில் மீன் குத்தகை எடுத்தவன் மட்டும் முணுமுணுத்தான், அவனுக்கும் அங்கேயே வியாபாரம் நடக்கவும் வாயை மூடிக்கொண்டான். குளத்துக்கரையில் மாட்டிக்கொள்வது சளி பிடிப்பது மாதிரி ஒரு காரியமாகிவிட்டது.

குருவியைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு சங்கடம் நடந்தது. பஸ் கண்டக்டர் பால்துரை விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர், குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்க இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியலையே என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். திரும்பிப் போகும்போது கலுங்கைத் தாண்டியவர் கருவை மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். பிறகு தெரியுது என்று எத்தனை தடவை சொன்னாலும் செல்லவில்லை, அவரும் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். அன்றிலிருந்து வருகிறவர்கள் கரையில் ஏறும்போதே, யாரும் கேட்பதற்கு முன்பே, தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். சொன்னவர்கள் சௌகரியமாக வீட்டுக்குப் போனார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட ஆறுமணிக்குருவியின் முதுகு என்ன நிறம், வாலடி என்ன நிறம் என்பது மனப்பாடமாகிவிட்டது.

அத்தனை பேரும் சங்கரவடிவிடம் வந்தார்கள். மைனி, ஒரு சொல்லுதானே என்றார்கள். அக்கா, டீச்சருக்கு முட்டுவலி, தரையில் எத்தனை நாளைக்குப் படுப்பாள் என்றார்கள். பால்துரையின் மனைவி கைப்பிள்ளையோடு வந்து ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதுதான் சங்கரவடிவை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்தியது. அவளுக்கும் தெரியும், தெரியுது என்று சொன்னால் போதும், பார்க்கக்கூட வேண்டாம், இத்தனை பேரும் பார்த்தா போனார்கள். சொன்ன அன்றே கரை திறக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், அடுத்த முகூர்த்தத்தில் பிரமுவுக்குப் பூ வைப்பார்கள். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். கரையிலிருந்து பார்த்தால் அவள் வீட்டு மொட்டைமாடி தெரியும். கொடியில் பிரமு துணி காயப்போடுவதும் எடுப்பதும் தெரியும். கரையில் அடைபட்டுக் கிடப்பது மகளுக்குக் காவல் இருப்பதற்காக என்று ஒரு நாள் தோன்றும், இன்னொரு நாள் அந்த மாடியைப் பார்த்ததும் எழுந்து கலுங்கு வரைக்கும் ஓடுவாள், தாண்டுவாள், மரத்தடியில் நின்று ஆத்திரத்தில் அழுவாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. காட்டியவர் பறந்துட்டு என்று சொன்னால் எல்லாருக்கும் விடுதலை, அதுவும் விதிதான். ஆவுடையப்பன் சொல்லவில்லை. ஊரும் அவரிடம் கேட்கவில்லை. பெண்பிள்ளைக்குக் கண் தெரியாமல் போகலாம், அவர் காட்டிய இடத்தில் குருவி இல்லாமல் போகுமா? அவர் தினமும் பல் தேய்த்ததும் புதரண்டை போய் நிற்பார், திரும்பி வந்து, இருக்கு என்பார். காலையில் அவர் வாயையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். அவரும் அவள் வாயைப் பார்ப்பார். இருவருக்கும் நடுவில் ஆளுக்கொரு சொல் இருந்தது, இருவரும் அதை விழுங்கிக்கொண்டு இட்லியைத் தின்றார்கள்.

ஐப்பசி பிறந்தது. குளத்துக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது, கரை இன்னும் குறுகலாகத் தெரிந்தது. ஒருநாள் பிரமு தூக்குவாளியோடு வந்தாள். தெரியுது என்று சொல்லியபடியே கரையேறி, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, ரத்தினசபாபதி வீட்டார் கரைக்கே வந்து நிச்சயத்தை முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். பந்தல்தான் இருக்கிறதே, அடுப்பு இருக்கிறதே, சொந்தக்காரர்கள் வந்துபோகத் தடை இல்லையே, மாப்பிள்ளை வீட்டார் கரையேறும்போதே ஒரு சொல் சொல்லிக்கொண்டு ஏறினால் திரும்பிப் போய்விடலாமே. ஆவுடையப்பன் சரி என்று சொல்லிவிட்டாராம். சங்கரவடிவு, கரை ஊரைத் தடுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள், ஊர் கரையையே கல்யாண மண்டபமாக்கிவிட்டது. இனி அவள் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, பூ வைத்துவிடுவார்கள். இத்தனை நாளும் அடைபட்டுக் கிடந்தது எதற்கு என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

நிச்சயத்தன்று பந்தலில் மாவிலை கட்டினார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள். ரத்தினசபாபதியும் மனைவியும் மகனும் தாம்பாளங்களோடு தெரியுது தெரியுது என்று சொல்லியபடி கரையேறி வந்தார்கள், யாருமே மரத்தடிப் பக்கம் திரும்பவில்லை. பிரமுவைப் பட்டுச்சேலையில் பலகையில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பூவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆவுடையப்பனுக்கு மனது நிறைந்திருந்தது. நாக்கில் குடியிருக்கிற கேள்வி நிறைந்த மனதோடு வெளியே வந்தது. மாப்பிள்ளையைச் சுட்டிக்காட்டி, "அந்தா இருக்காரு பாரு உன் மாப்பிள்ளை, தெரியுதா?" என்றார்.

பிரமு நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். மாப்பிள்ளை ஆவுடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலப்பா" என்றாள்.

ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள். ரத்தினசபாபதி முதலில் சிரித்தார், பிறகு முகம் கறுத்து, இது என்ன மரியாதை என்று எழுந்து, மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று கலுங்கைப் பார்த்து நடந்தார். கொஞ்ச நேரத்தில் மூவரும் மடைப் பக்கமிருந்து தாம்பாளங்களோடு வந்து கருவை மரத்தடியில் நின்றார்கள். அவருடைய கார் ரோட்டில் பளபளவென்று நின்றது, டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான், கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான்.

காட்டியது மாப்பிள்ளையானாலும் விதி விதிதான், உடனே எல்லாரும் பிரமுவைச் சூழ்ந்துகொண்டார்கள். தாயி, ஒரு சொல்லுதானே. பெரியவங்க நிக்காங்க பாரு. உங்கம்மா மாதிரி நீயும் அடம் பிடிக்காத. தெரியுதுன்னு சொல்லிரு, பெறகு மனசுக்குள்ள என்ன வேணும்னாலும் நினைச்சுக்க. தன் காதில் இத்தனை நாளும் விழுந்த வார்த்தைகள் ஒன்றுகூட மாறாமல் மகள் தலையில் விழுவதைச் சங்கரவடிவு கேட்டாள். அந்தச் சொல் பிரமுவின் வாய்வரைக்கும் வந்துவிட்டதைப் பார்த்தாள். பிள்ளை சொல்லிவிடுவாள் என்று பயந்து எழுந்து நின்றாள். நடுவில் போய் மகளை மறைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"அந்தக் குருவி இன்னும் அங்கனதான் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆவுடையப்பன் மரத்தடிப் புதரைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா ஊரே எங்கிட்ட வந்து கேட்டுட்டு. உங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல, நான் கேக்கேன். பறந்துட்டுன்னு ஒரு சொல் சொன்னா இத்தன பேரும் வீட்டுக்குப் போவாக. ஏன் சொல்லாம இருக்கிய?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடி இல்லாத முகத்தில் அவருக்கு வயது கூடித் தெரிந்தது. "சொன்னா, அங்க ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும்லா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதரில் ஏதோ அசைந்தது, இலையா குருவியா என்று அவரே சரியாகப் பார்க்கவில்லை. எல்லாரும் தெரியுது என்று சொன்னதால் குருவிதான் போலிருக்கிறது என்று நம்பிவிட்டார். அவள் ஒருத்தி தெரியல என்றதிலிருந்து தினமும் போய்ப் போய்ப் பார்க்கிறார்.

"நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒண்ணும் தெரியாமலே தெரியுது தெரியுதுன்னு சொன்னவ" என்றாள் சங்கரவடிவு. அவளுக்கு அழுகை வந்தது, அதை அடக்க அவள் முயலவில்லை. "எம் பிள்ளையும் அதச் சொல்லணுமா? நீங்க ஒரே ஒரு தடவ, தெரியாததத் தெரியலன்னு சொன்னா, என்னங்க கொறஞ்சிரும்?"

ஆவுடையப்பன் அவளுக்குப் பின்னால் இருந்த மகளை எட்டிப் பார்த்தார். கண்ணாடி கையிலேயே இருந்ததால் அவள் முகம் அவருக்கு ஒரு மங்கலான வட்டமாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பறந்துட்டு" என்றார். குரல் எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை, "பறந்துட்டு" என்றார்.

கரையிலிருந்த அத்தனை தலைகளும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தன. அந்தா போகுது என்றார் மருந்துக்கடைக்காரர். வாலடியில் சிவப்பு என்றாள் லூர்தம்மாள் டீச்சர். ரத்தினசபாபதிகூடக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, ஆமா ஆமா என்றார். நிமிராமல் இருந்தது அந்த வீட்டு மூன்று பேர்தான்.

பிறகு எல்லாரும் ஓடினார்கள். பால்துரை செருப்பைக்கூட எடுக்காமல் முதல் ஆளாகக் கலுங்கைத் தாண்டி ரோட்டில் நின்று கூவினார். மாப்பிள்ளை வீட்டார் பூவைத் தாம்பாளத்திலேயே வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போனார்கள். வடைக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார். சங்கரவடிவு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கலுங்கின் கல் வரிசையில் ஏறி, அந்தப் பக்கம் கால் வைத்தாள். தார் ரோடு வெறுங்காலில் சுட்டது. சூடு உறைத்ததும் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது, காலை எடுக்காமல் நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள். ஆவுடையப்பன் கலுங்கின் கடைசிக் கல்லில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். வைத்தால் ரோடு வருமா, மரம் வருமா என்று அவருக்கு நிச்சயமில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்து, "வடிவு, அங்க ரோடு தெரியுதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்துபோய் நின்றார்.

அவள் குனிந்து காலடியில் பார்த்தாள். தார் இருந்தது, அதில் பஸ் சிந்திய எண்ணெய்க் கறை இருந்தது, ஓரமாக ஆட்டுப் புழுக்கை கிடந்தது, இரண்டு பக்கமும் ரோடு போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியுது, வாங்க" என்று சொல்லிவிட்டு, மகளோடு முன்னால் நடந்தாள்.